கொக்கூத்தின் மக்கள்தொகை

2043 ஜூலை 9, வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு, கருமந்தி மலையில் உள்ள கொக்கூத்து கிராமத்தில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அப்போது அங்கே வெள்ளமோ தீயோ தொற்றுநோயோ இல்லை. மாதாயி என்ற பெண் தன் நாத்தனாரிடம் மண்வெட்டியைத் திருப்பிக் கேட்டிருந்தாள்.

கொக்கூத்து ஒரே ஊர்தான், ஆனால் இரண்டு சரிவுகளில் இருக்கிறது. நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஓடை. இந்தச் சரிவில் நிற்பவருக்கு அந்தச் சரிவில் நிற்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பது தெரியும். நடந்துபோய் விசாரிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் யாரும் நடப்பதில்லை. கூவுவார்கள். முதலில் ஒரு நீண்ட கூவல், எதிர்ச்சரிவிலிருந்து பதில் கூவல், அதற்குப் பிறகு விஷயம். வீட்டுக்கு வீடு கூவலின் இழுப்பு மாறும். கூவியது யார் என்பது கூவலிலேயே தெரிந்துவிடும். எதற்கு என்பது மட்டும் தெரியாது. உப்புக்கும் சாவுக்கும் தொலைந்த ஆட்டுக்கும் ஒரே கூவல்தான். எல்லோரிடமும் கைபேசி இருந்தது. மலையில் கோபுரம் இல்லாததால் அதில் பாட்டுக் கேட்டார்கள், இருட்டில் விளக்கடித்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலையில் மண்சரிவு ஏற்பட்டு, புதைந்தவர்கள் கத்தியது கேட்காமல் போய்விட்டது. அதன் பிறகுதான் மலையூர்களில் செவி நடப்பட்டது. செவி என்பது ஒரு கம்பம். மேலே சூரியத்தகடும் செயற்கைக்கோள் தட்டும், நடுவில் ஒலிவாங்கிகள், கீழே ஒரு ஒலிபெருக்கி. அபயக்குரல் கேட்டால் அதுவே அவசரநிலையை அறிவிக்கும், நிவாரணத்துக்கு ஆணையிடும், அந்தப் பகுதிக்குப் போகும் மானியங்களையும் நிறுத்தும். இந்தக் கடைசி அதிகாரம் முன்பு ஒரு செயலாளரிடம் இருந்தது. அவர் கையெழுத்துப் போடுவதற்குள் வெள்ளம் வடிந்துவிடுகிறது என்று அதையும் செவிக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் மாதம் இரண்டு தொழில்நுட்பக்காரர்கள் வந்து கொக்கூத்தில் கம்பத்தை நட்டார்கள். ஊர்க்காரர் ஒவ்வொருவரையும் அதன் முன் நிறுத்திப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு, “ஆபத்துல மாட்டிக்கிட்டா எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படி ஒரு தடவை கூப்பிடுங்க” என்றார்கள். கீழே சமவெளி ஊர்களில் ஜனங்கள் “ஐயோ” என்றும் “காப்பாத்துங்க” என்றும் கத்திவிட்டு வெட்கத்தோடு சிரித்தபடி போயிருந்தார்கள். கொக்கூத்தில் ஒவ்வொருவரும் வந்து அவரவர் வீட்டுக் கூவலைப் போட்டார்கள். தொழில்நுட்பக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒருவர் மாதாயியின் கூவலைத் தன் கைபேசி மணியாக வைத்துக்கொண்டார். ஆபத்து இல்லாதபோது எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஊர்க்காரர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூலை 9 அன்று செவிக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டது. மாதாயி கூவினாள். எதிர்ச்சரிவில் நாத்தனார் காத்தாயி பதில் கூவினாள்.

“மம்முட்டிய அண்ணன்கிட்ட குடுத்துவுடுக்கா! சுவருக்குச் சேறு கொழைக்கணும்!”

காத்தாயி வாயைத் திறப்பதற்குள் கம்பம் பேசியது.

“கொக்கூத்து மக்களே, பதற்றப்படாதீர்கள். உங்கள் குரல் கேட்டது. அவசரநிலை பிறப்பிக்கப்பட்டுள்ளது. உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்.”

கொக்கூத்துக்கு மேலே வானம்தான் இருந்தது. எதிர்ச்சரிவில் அறிவிப்பு பாதிதான் கேட்டது. காத்தாயி கூவினாள்: “என்னடி சொல்லுது அது?” அவள் புருஷன் தொப்ளான், மலையிலேயே பெரிய தொண்டைக்காரர், அவரும் கூவினார். இந்தப் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் பதில் கூவினார்கள்.

“நிலைமை தீவிரமடைந்துள்ளது,” என்றது கம்பம். “பதற்றப்படாதீர்கள்.”

மதியத்துக்குள் ட்ரோன்கள் வந்துவிட்டன. ரொட்டி, மெழுகுவத்தி, கம்பளி, மிதவைச் சட்டை. பாதி மூட்டைகள் எதிர்ச்சரிவில் விழுந்தன. விழுந்த விஷயத்தை இங்கே இருந்தவர்கள் அங்கே இருந்தவர்களுக்குக் கூவித் தெரியப்படுத்தினார்கள். சாயங்காலத்துக்குள் கொக்கூத்து மாநிலத்திலேயே மிக மோசமான இடம் என்று பதிவாகிவிட்டது. மாதாயியின் கணவன் சடையாண்டி ஒரு மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாமைக்காட்டில் களை எடுத்தான். கதகதப்பாக இருக்கிறது என்றான்.

மாதாயிக்கு அப்போது ஆறாவது மாதம். பழங்குடியினர் வீட்டுத் திட்டத்தில் ஊரில் ஒன்பது பேருக்கு வீடு வந்திருந்தது. பழைய குடிசையை இடித்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் முதல் தவணை. இடித்தார்கள். சுவர் எழும்பினால் இரண்டாவது தவணை. எழுப்பினார்கள். கூரைக்கான மூன்றாவது தவணை ஜூலை 10 அன்று வருவதாக இருந்தது. மாதாயியும் சடையாண்டியும் மாட்டுக் கொட்டகையில், மாட்டோடு இருந்தார்கள். சுவர் செங்கலும் சேறும். ஐப்பசி மழைக்குள் மேலே கூரை விழாவிட்டால் சுவர் கரைந்துவிடும். குழந்தையும் ஐப்பசியில்தான்.

நான்காம் நாள் வருவாய் ஆய்வாளர் பிலவேந்திரன் மலையேறி வந்தார். ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை நோய், நேர்மையானவர் என்ற கெட்ட பெயர். மாதாயி அவருக்கு நிவாரண ரொட்டியையே தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

“சார், எங்க வூட்டுப் பணம் எப்ப வரும்?”

“அவசரநிலை முடிஞ்சதும் வந்துடும்மா.”

“இங்க என்ன சார் அவசரம்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? செவிக்குத்தான் தெரியும்.”

“பொறக்கப்போற புள்ளைக்குக் கூரையில்லைங்க. அது அவசரமில்லீங்களா?”

“அது அவசரமில்லம்மா. அது நிலுவை.” பிலவேந்திரன் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்தார். “சட்டம் இதுதான். அவசர காலத்துல வீடு கட்டற பணத்தை நிறுத்தி, அதுலதான் நிவாரணம் வாங்குவாங்க. உயிருதானே முதல்ல? இப்ப இந்த ரொட்டி இருக்கே, இதுதான் உங்க கூரை.”

மாதாயி வாசலைப் பார்த்தாள்.

“அப்படின்னா எங்க கூரையில கால்வாசிய ஆடு தின்னுடுச்சுங்க சார்.”

சடையாண்டி கூவலைப் பற்றி விளக்கினான். பிலவேந்திரன் பொறுமையாகக் கேட்டார். உடனே புரிந்துகொண்டார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சரி, குரலை மறுபடி பதிஞ்சுக்கிட்டா போச்சு.”

“பதிங்க சார்.”

“அவசரநிலை இருக்கறப்ப பதிய முடியாது. அது முடியணும்னா, மூணு வாரத்துக்கு ஒரு அபயக்குரலும் கேட்கக் கூடாது.” அவர் எழுந்தார். “வாயை மூடிக்கிட்டு இருங்க. அவ்வளவுதான்.”

அன்று ஊர் கூடி முடிவெடுத்தது. யாரும் கூவுவதில்லை. அது மட்டும் போதாது, கம்பத்துக்குக் கேட்கும்படி யாரும் பேசவே வேண்டாம் என்றாள் காத்தாயி. பேச்சு வளர்ந்தால் அவள் புருஷனுக்குத் தொண்டை திறந்துவிடும். செவிக்கு ஒரு குண்டூசி விழும் சத்தம்கூடக் கிடைக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று.

முதல் முயற்சி பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த தொப்ளான், கனவில் தன் எருமை பள்ளத்தில் இறங்குவதைக் கண்டு, தூக்கத்திலேயே முழுக்கூவலும் கூவிவிட்டார். “பதற்றப்படாதீர்கள்,” என்றது கம்பம். மறுபடி முதலிலிருந்து.

“உன் வாயால எம்பொறந்தவன் வூட்டுக்குக் கூரை போச்சு,” என்று காத்தாயி அவர் காதுக்குள் திட்டினாள். கிசுகிசுத்துத் திட்டியதால் அது கொஞ்சுவது போல் இருந்தது என்று தொப்ளான் பின்னாட்களில் சொன்னார். அன்று முதல் அவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.

இரண்டாவது முயற்சியில் ஊர் நிஜமாகவே அடங்கியது. தொப்ளானின் எருமை நிஜமாகவே பள்ளத்தில் இறங்கி, இந்தப் பக்கம் ஏறி, சடையாண்டியின் சாமையை மேய்ந்தது. மாதாயி அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்ச்சரிவில் நின்ற தொப்ளானுக்குக் கையை ஆட்டிக் காட்டினாள். அவர் நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார். சடையாண்டி சண்டை போட நேரில் கிளம்பினான். முக்கால் மணி நேரம் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. காத்தாயி களி கிண்டியிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

அந்த மூன்று வாரத்தில் கொக்கூத்தில் ஒரு சண்டைகூட முழுமையாக நடக்கவில்லை. பள்ளத்தைத் தாண்டும் அளவுக்கு யாருடைய கோபத்துக்கும் கால் வலுவில்லை. நல்ல சேதிகளுக்கும் அதே கதிதான். ஒருவர் மாடு கன்று போட்டது எதிர்ச்சரிவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாய்கள்கூடக் குரைப்பதைக் குறைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் கெடு முடிந்தது. காலையில் இரண்டு சரிவுகளிலும் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். கம்பம் தொண்டையைச் சரிசெய்வது போல் கரகரத்தது.

“கொக்கூத்து மக்களின் மறைவுக்கு அரசு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்தவும்.”

ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். மரியாதைக்காகச் சடையாண்டி தலைத்துண்டை அவிழ்த்தான்.

“யாரு மாமா செத்தது?” என்று மாதாயி மெல்லக் கேட்டாள்.

“தெரியலியே. நம்மூருன்னுதான் சொல்லுது.”

மறுநாள் பிலவேந்திரன் வந்தார். பின்னால் மீட்புப் படையினர் நான்கு பேர், தூக்குப் படுக்கைகள். பிலவேந்திரன் கையில் ஒரு மலர் வளையம். சாமை புடைத்துக்கொண்டிருந்த மாதாயியைக் கண்டதும் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அது முதுகைவிடப் பெரியதாக இருந்தது.

“உயிரோடதான் இருக்கீங்களா?”

“இருக்கோமுங்க சார். உக்காருங்க. தண்ணி குடிங்க.”

பிலவேந்திரன் உட்கார்ந்தார். வளையத்தைப் பக்கத்தில் வைத்தார். ஆடு வந்தது.

“ஏம்மா, விடாம கத்திக்கிட்டிருந்த ஊரு திடீர்னு மூச்சுக்காட்டாம போனா, அந்த மிஷின் என்ன நினைக்கும்?”

“நீங்கதான சார் வாயை மூடச் சொன்னீங்க?”

“அபயக்குரல் வேண்டாம்னுதானே சொன்னேன்? பேச்சுக்குரல் இருக்கணும்ல? நான் கொஞ்சமா மூடச் சொன்னேன். நீங்க ஒழுங்கா மூடிட்டீங்க.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மொத்த உயிரிழப்புன்னு பதிஞ்சுடுச்சு. கலெக்டர் ஆபீஸ்ல கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிட்டாங்க.”

ஊர் கூடிவிட்டது. எதிர்ச்சரிவிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

“அப்ப நாங்க உசுரோட இருக்கோம்னு எழுதிப்போடுங்க,” என்றாள் காத்தாயி.

“போடறேன். போட்டா அவசரநிலை முதல்லருந்து ஆரம்பிக்கும். விசாரணை, மறு அளவீடு எல்லாம் முடிஞ்சு பணம் வர கார்த்திகை தாண்டிடும்.”

எல்லோரும் மாதாயியின் வயிற்றைப் பார்த்தார்கள். அவள் சுவர்களைப் பார்த்தாள்.

“எழுதிப்போடாட்டி?” என்றாள்.

பிலவேந்திரன் திரும்பிப் பார்த்தார். மீட்புப் படையினர் தூரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

“எழுதாட்டி, இடிபாடு பாதுகாப்பு வரும்.”

“அப்படின்னா?”

“ஒரு ஊரே அழிஞ்சா, இடிஞ்ச வீடுகளை நினைவுச் சின்னமா அப்படியே வெச்சிருக்கணும்னு விதி. மழையில கரையக் கூடாதுன்னு மேல காங்கிரீட் கூரை போட்டுத் தருவாங்க. ட்ரோன் படத்துல கூரையில்லாத சுவரு ஒன்பது வீடு தெரிஞ்சிருக்கு. செவி நேத்தே ஒப்புதல் குடுத்துடுச்சு. அடுத்த மாசம் வண்டி வரும்.”

“அந்தப் பணத்தையும் அவசரம்னு நிறுத்திடுவாங்களா சார்?”

“அது மானியம் இல்லம்மா. அஞ்சலி. அதை நிறுத்தறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல.”

சடையாண்டி முன்னே வந்தான். “செத்தவங்களுக்கு ரேஷன் உண்டுங்களா?”

“கிடையாது.”

“நூறு நாள் வேலை?”

“கிடையாது.”

“ஓட்டு?”

பிலவேந்திரன் யோசித்தார். “அதுக்கு வாய்ப்பு இருக்கு.”

“நல்லாருக்குதே நியாயம்,” என்று காத்தாயி வெடித்தாள். “குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு, செத்துட்டோம்னு ஒத்துக்கறதா? நாளைக்கு உசுரு வேணும்னா யாருகிட்டப் போயிக் கேக்கறது?”

“அந்தம்மா சொல்றது சரி,” என்றார் பிலவேந்திரன். “பதிவுல செத்துட்டுத் திரும்ப வர்றது லேசு இல்ல. என் சர்வீஸ்ல ஒருத்தர்தான் முயற்சி பண்ணாரு. உயிரோட இருக்காருன்னு ஆர்டர் வந்தப்ப அவரு செத்து ஒரு வருஷம்.”

மாதாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கூரை ஒழுகாதே சார்?”

“நினைவுச் சின்னம்மா. ஒழுகாது.”

“இனிமே கூவலாமா?” என்று குறுக்கே கேட்டவர் தொப்ளான். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“தாராளமா. உங்க எல்லார் குரலும் அதுல பதிவாயிருக்கு. செத்தவங்க குரல் கேட்டா எதிரொலின்னு தள்ளிடும்.”

தொப்ளான் வாயில் கையைக் குவித்தார். ஒரு மாதமாக அடக்கிவைத்த கூவல் பள்ளம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் கூவினார்கள். காத்தாயியும் கூவினாள். மீட்புப் படையினரில் ஒருவன் தூக்குப் படுக்கையைப் போட்டுவிட்டு ஓடினான்.

“போடச் சொல்லுங்க சார்,” என்றாள் மாதாயி. “முதல்ல புள்ள நனையாம இருக்கட்டும்.”

பிலவேந்திரன் எதையும் எழுதாமல் இறங்கிப் போனார். முப்பது வருட வேலையில் ஒன்றுமே எழுதாமல் ஒன்று நடந்தது அதுவே முதல் தடவை என்று பிறகு ஒருவரிடம் சொன்னாராம்.

செப்டம்பரில் கூரை அச்சடிக்கும் வண்டி வந்தது. நீண்ட இயந்திரக் கைகள் ஒன்பது வீட்டுச் சுவர்களின் மேலும் பக்குவமாகக் கூரை வார்த்தன. திட்டத்தில் சொல்லியிருந்த கூரையைவிட இது அரையடி கனம் அதிகம். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் பித்தளைத் தகடு பதித்தார்கள். “இங்கு வாழ்ந்தவர்கள்: சடையாண்டி, மாதாயி.” நினைவுச் சின்னத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கதவு வைக்க முடியவில்லை. மாதாயி நிவாரணக் கம்பளியைத் தொங்கவிட்டாள். அடுப்பைத் தகட்டுக்குப் பின்பக்கம் வைத்தாள்.

செத்திருப்பதில் சிரமங்கள் இருந்தன. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் இரங்கல் தெரிவித்தது. கிராமச் செவிலியரால் மாதாயியின் எடையைப் பதிவேற்ற முடியவில்லை. அவர் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தன் சொந்தப் பையில் போட்டுக் கொண்டுவந்து, பக்கத்தில் யாருமில்லாதபோது கொடுத்தார். காத்தாயியின் மகள் படித்த விடுதிப் பள்ளியில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவள் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனாள். மாலை வாடினால் மாற்றுவதும் அவள் வேலையாயிற்று.

ஒருமுறை கீழேயிருந்து கல்லூரி மாணவர்கள் அஞ்சலி செலுத்த வந்தார்கள். மாதாயி தண்ணீர் கொடுத்தாள். தகட்டைப் படித்த பேராசிரியை, “இந்த மாதாயியை நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார்.

“பாக்காம என்னங்க? நல்லவதான். கொஞ்சம் சத்தமாப் பேசுவா.”

பேராசிரியை குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 21 அன்று மழை கொட்டியது. ஓடை நிரம்பியது, எதிர்ச்சரிவு தெரியவில்லை. கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மாதாயிக்கு மதியம் வலி கண்டது. மழைக்கு முன்பே வந்து தங்கியிருந்த செவிலியர் பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை. பிறந்ததும் வீரிட்டு அழுதது. அம்மாவின் தொண்டை என்று ஊரில் இன்றும் பேச்சு.

அது செவியில் பதிவாகாத குரல்.

“உங்கள் குரல் கேட்டது,” என்றது கம்பம் மழைக்குள். “பதற்றப்படாதீர்கள். அவசரநிலை பிறப்பிக்கப்பட்டுள்ளது.”

எதிர்ச்சரிவிலிருந்து காத்தாயி கூவினாள்: “என்ன கொழந்தடா?”

“பொட்டப்புள்ளக்கா!” என்று சடையாண்டி கூவினான். இரண்டும் எதிரொலி என்று கழிக்கப்பட்டன.

மறுநாள் மழை விட்டதும் ட்ரோன் வந்து ரொட்டி போட்டது. குழந்தையின் பிறப்பைப் பதிய முடியவில்லை. தாய் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் கொக்கூத்தில் உயிர் பிழைத்தவர் ஒருவர் இருப்பதாக அரசு அறிவித்தது. வீடிழந்த பழங்குடியினர் என்ற முறையில் அவருக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. அவசரநிலை நடப்பில் இருப்பதால் அதற்கான நிதி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.